குரவையா, கரவலையா

றுஸ்னா பாட்டைக் கண்ணால் பார்த்துப் பழகியவள்.

கிழக்கிலங்கை மருதமுனையில் அவளை அறிந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு அவள் பிரதான வீதியில் போட்டோக் கொப்பிக் கடை நடத்தும் பெண். பிறப்புச் சான்றிதழை நீட்டினால், இயந்திரத்தில் வைக்க முன்பே “வாப்பாட பேர்ல ஒரு எழுத்துப் பிழச்சிருக்கு, பாத்தீங்களா?” என்று கேட்கிறவள். கடவுச்சீட்டுப் படம் எடுக்க வரும் வயசாளிகளிடம் “சிரிக்கப் படாது” என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்துவிடுகிறவள். கரையோரக் கல்யாண வீடுகளில் இருபது வருடத்துக்கு மேலாக ஒலிக்கும் மாப்பிள்ளைப் பாட்டைப் பதிந்த கை அவளுடையது என்று சொன்னால் அவளுடைய பிள்ளைகளே நம்புவதில்லை.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் முபாறக் தங்கள் வீட்டு மண்டபத்தில் பாட்டுப் பதியத் தொடங்கியிருந்தார். கொழும்பிலிருந்து யாரோ பாவித்துக் கழித்த கணினி ஒன்று வந்தது. அதோடு ஒரு கூட்டாளி கொடுத்த ஒலிப்பதிவு மென்பொருள் இருந்த சீடித் தட்டும் வந்தது. ஆனால் கல்முனைக்குப் போய்க் கணினி படித்தவள் அந்த வீட்டில் றுஸ்னா மட்டும்தான். பாட வருகிறவர்களோ எல்லாரும் பொடியன்கள். கல்யாணமாகாத மகள் அவர்களோடு ஒரே இடத்தில் இருப்பதற்கு உம்மா சம்மதிக்கவில்லை. பாட்டைக் கைவிடக் காக்காவும் சம்மதிக்கவில்லை. கடைசியில் கணினியும் றுஸ்னாவும் உள்ளறைக்குப் போனார்கள். பொடியன்கள் மண்டபத்தில் நின்றார்கள். ஒலிவாங்கியின் வயர் கதவுக்குக் கீழால் நுழைந்து போனது.

வீட்டில் ஹெட்போன் ஒன்றே ஒன்று. அதைக் காக்கா மாட்டிக்கொண்டார். கணினியின் காற்றாடிச் சத்தம் பாட்டில் விழுந்துவிடும் என்று கதவிடுக்கில் பழந்துணி அடைத்தார்கள். ஆக, உள்ளே இருந்தவளுக்குக் கேட்டதெல்லாம் காற்றாடியின் உறுமல்தான். பாட்டு அவளுக்குத் திரையில் வந்தது. ஒவ்வொரு குரலும் பச்சை நிறத்தில் மேடும் பள்ளமுமாக இடமிருந்து வலமாக ஊர்ந்து போகும். மூச்சு எடுக்கிற இடம் ஒரு சிறு புள்ளி. ரபான் மேளத்தில் அடி விழும்போது ஊசி போல ஒரு நிமிர்வு. யாராவது அளவுக்கு மீறிக் கத்தினால் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியும். அப்போது அவள் கதவில் இரண்டு முறை தட்டி, “காக்கா, ஆரோ ஒராள் கத்துறார். தள்ளி நிக்கச் செல்லுங்க!” என்பாள்.

அந்த மாப்பிள்ளைப் பாட்டின்போது அவள் பல தடவை தட்ட வேண்டியிருந்தது. கூட்டாகப் பாடும் இடத்தில் ஒரு மேடு மட்டும் திரையை முட்டிக்கொண்டு எழுந்தது. யாரோ ஒருவர் தள்ளித் தள்ளி நின்றார். கடைசியில் மேடு அடங்கியது. அது யார் என்று அவள் கேட்கவுமில்லை.

பாட்டு ஒலிநாடாவாகப் போனது, பிறகு தட்டாக, பிறகு ஆளுக்காள் கைபேசியாக. சுனாமியாகக் கடல் பொங்கிய இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கணினி வீட்டில் இருக்கவில்லை. காற்றாடி எரிந்துபோய், கல்முனையில் ஒரு கடையின் மேல்மாடியில் பழுதுபார்க்கக் கிடந்தது. வீட்டில் மண்டபம் போனது, கதவு போனது. சனங்கள் போனார்கள். அந்தப் பெட்டி மட்டும் எதுவும் நடக்காதது போல ஒரு நாள் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியது. பிறகும் சில காலம் காக்கா அதில் பதிந்தார். பிறகு கட்டாருக்குப் போனார். றுஸ்னாவுக்குக் கல்யாணமாகி, பெட்டியும் அவளோடு வந்தது. கணவன் மசூர் பிள்ளைகள் விளையாடுவதற்காக அதைத் துடைத்து விண்டோஸை மீண்டும் போட்டான். பாட்டுகள் இருந்த பகுதியில் மட்டும் கை வைக்கவில்லை. பாட்டைத் திறக்கும் மென்பொருளோ அழிந்துபோனது.

அதன் பிறகு ஒரு சாறத் துணியைப் போர்த்திக்கொண்டு அது கடையின் பின்னறையில் கிடந்தது.

*

உசாந்தினி பெரியநீலாவணைப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வண்ணத்துப்பூச்சி, ஆனை, மாம்பழம் என்று பிள்ளைகள் நிறம் தீட்டும் படங்களைக் கொப்பி எடுக்க வருவாள். இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. றுஸ்னாவுக்கு அவளுடைய தகப்பனையும் தெரிந்திருந்தது. கரைவலை இழுக்கும் தங்கத்துரை. இழுப்பு முடிந்ததும் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு மருதமுனைக்குள் வருவார். அவர் சந்தியில் கூவினால் இரண்டாம் குறுக்குத் தெருவில் பூனைகள் எழும்பும் என்று உம்மா சொல்வார். அந்த மார்கழியில் கடல் அவரைக் கொண்டுபோனது.

அன்றைக்கு உசாந்தினி படங்களைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அக்கா, அந்த மாப்பிள்ளப் பாட்டு உங்கட வீட்டிலதானே பதிஞ்சது?”

“ஓம் புள்ள. உனக்கு ஆரு சொன்னது?”

“அம்மா. அதில முதல் அடி எங்கட அப்பா சொன்னதாம்.”

றுஸ்னா இயந்திரத்தை நிறுத்தினாள்.

“‘குரவ போட்டுக் கூட்டி வாறோம் மாப்பிள்ளைய’ எண்டுதானே எல்லாரும் பாடுறாங்க? அப்பா சொன்னது ‘கரவல போட்டு’. அம்மா எப்பவும் அப்பிடித்தான் பாடுவா. போன கிழமை சாய்ந்தமருதில எங்கட ரீச்சர் ஒராள்ற கல்யாணம். பாட்டுப் போகக்குள்ள நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்காம, இது எங்கட அப்பாட அடி எண்டு சொல்லிப்போட்டன். ஒரு மாமி சிரிச்ச சிரிப்பு! ‘மாப்பிள்ளைக்கு ஆராவது வல போடுவாங்களாகா? கல்யாணப் பந்தல் மீன் நாறும்’ எண்டாங்க. மேசை முழுக்கச் சிரிச்சுது.”

குரவை என்பது நல்ல காரியத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலி. மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் குரவை போடாத வீடு இந்தக் கரையில் இல்லை. கரைவலை என்றால் கடலில் வளைத்து விட்டு, இரு பக்கமும் ஆள் நிரையாக நின்று கரைக்கு இழுக்கும் பெரிய வலை. பேச்சில் அது கரவலை. இரண்டையும் ‘போடு’கிறார்கள். கீபோட் வாத்தியத்தின் சத்தத்துக்குள் இரண்டு சொல்லும் ஒன்றாகவே கேட்கும்.

“அடுத்த அடியப் பாருங்கக்கா,” என்றாள் உசாந்தினி. “‘நெடுக நில்லுங்க, நழுவ விடாதீங்க.’ குரவ போட்டா என்னத்துக்கு நழுவும்? மீன்தானே நழுவும்?”

“மாப்பிள்ளமாரும் நழுவுவாங்க,” என்றாள் றுஸ்னா.

உசாந்தினி சிரித்தாள். சிரித்த முகம் அப்படியே நிற்கவில்லை.

“எங்களிட்ட அப்பாட ஒரு படமும் இல்லக்கா. வீட்டோட எல்லாம் போயிட்டு. எனக்கு அப்ப ஒன்பது வயசு. அவர்ர குரல் எப்படியெண்டும் இப்ப ஞாபகத்தில இல்ல. அம்மாட்ட மிஞ்சி இருக்கிறது அந்த ஒரு சொல்லுதான். அதயும் பிழையெண்டு சொன்னா...”

அவள் படங்களை எண்ணாமலே எடுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் றுஸ்னா கட்டாருக்கு அழைப்பெடுத்தாள்.

“காக்கா, குரவையா கரவலையா?”

“என்ன கேள்வி இது? குரவதான். நான்தானே பாடினன்.”

“தங்கத்துரை அண்ணன் அடி சொன்னவராமே?”

அந்தப் பக்கம் வீதியில் வாகன இரைச்சல் கேட்டது. “வருவார் மனிசன். மீன் பெட்டிய வாசல்ல வச்சிட்டு எங்களோட நிப்பார். அது சண்ட நிண்ட சமாதான காலம், எல்லாரும் எல்லா ஊருக்கும் போய்வந்த நேரம். ஆளுக்காள் ஒவ்வொரு அடி சொல்லுவாங்க. எது ஆருட எண்டு இப்ப எப்பிடிச் செல்ற? அந்தப் பெட்டி இரிக்கா இன்னும்?”

“இரிக்கி.”

“அப்ப அதிட்டக் கேளு. குரலெல்லாம் தனித்தனியா அதுக்குள்ளதான் இரிக்கி. என்னட்ட ஏன் கேக்கிறாய்?”

கைபேசிகளில் உலாவும் பாட்டில் எல்லாக் குரலும் ஒன்றாய்க் குழைந்து போயிருந்தது. குழைத்ததைப் பிரிக்க முடியாது. ஆனால் குழைக்க முன்னர் ஒவ்வொரு குரலும் தன் தன் தடத்தில், பழைய பெட்டிக்குள், அந்தப் பழைய மென்பொருளுக்கு மட்டும் விளங்கும் விதத்தில் மடிந்து கிடந்தது.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பார்த்துக் கடைக் கதவை இறக்கினாள். உசாந்தினி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

மசூர் தொழப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான். அவன் நாவிதன்வெளியில் வயல் செய்கிறவன். வீட்டில் எது நின்றாலும் பற்றரிதான் காரணம் என்று நம்புகிறவன். சுவர்க்கடிகாரம், டோர்ச், பிள்ளைகளின் பொம்மை எதுவும் அவனிடம் தப்பியதில்லை.

“நேத்து உன்ட பெட்டியத் திறந்து தூசி ஊதி விட்டிரிக்கன் புள்ள. உள்ளுக்குள்ள பொத்தான் மாதிரி ஒரு பற்றரி செத்துக் கிடந்துது. வாங்கின நாளிலயே செத்திரிக்கும் போல. புதிசு போட்டு, நாளையும் மணியையும் சரியா வச்சி விட்டிட்டன்.” இரண்டு பெண்களும் தன்னைப் பாராட்டுவதற்கு அவகாசம் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான்.

கணினி எழும்புவதற்கு எடுத்த நேரத்தில் றுஸ்னா தேநீர் ஊற்றி, இருவரும் குடித்து முடித்தார்கள். முதல் இடைஞ்சல் தட்டுப் போடும் இடத்தில் வந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே முனகியது, வாய் திறக்கவில்லை. அதன் நெற்றியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். றுஸ்னா தன் கழுத்தடியில் பர்தாவில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, அந்தத் துளைக்குள் விட்டு மெல்ல அழுத்தினாள். கடக் என்று வாய் திறந்தது. உள்ளே பிள்ளைகளின் பழைய கார் விளையாட்டுத் தட்டொன்று இருந்தது.

“பாருங்க, இவ்வளவு காலமும் வாய்க்குள்ள வச்சிக்கிட்டு இரிந்திரிக்கி,” என்றாள்.

மென்பொருள் தட்டு கீறல் விழுந்து மங்கியிருந்தது. பர்தா நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து வைத்தாள். தட்டு உறுமிச் சுழன்றது. நீல நிறப் பட்டையொன்று திரையில் நீண்டது, நின்றது, பின்னும் நீண்டது. பாதிக்கு மேல் போய்ப் படுத்துவிட்டது. றுஸ்னா தட்டை எடுத்து மறுபடி துடைத்து வைத்தாள். மறுபடியும் அதே இடம். மூன்றாம் முறை தட்டைக் கழுவிக் காய வைத்தார்கள். உசாந்தினி துடைக்கத் தன் கைலேஞ்சியைத் தந்தாள். பட்டை அந்த இடத்தைத் தாண்டியது. முடிவுக்கு வந்து, நிறுவியாகிவிட்டது என்று திரை சொன்னது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று றுஸ்னா அதைத் திறந்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. இது சோதனைப் பதிப்பு, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டோடு இதன் காலம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. சரி என்று அழுத்துவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. அழுத்தினாள். எல்லாம் மூடிக்கொண்டது.

“என்னவாம் அக்கா?”

“காலம் முடிஞ்சிட்டாம்.”

உசாந்தினி கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டாள். அடுத்ததாக எழும்பிப் போவாள் என்று தெரிந்தது.

றுஸ்னாவுக்கு அது விளங்கவில்லை. காலம் முடிந்ததென்றால், கடல் பொங்கிய பிறகும் காக்கா வருடக் கணக்காக இதில் பதிந்தாரே? அப்போது மட்டும் எப்படித் திறந்தது? சும்மா இருக்க முடியாமல் பாட்டுகள் இருந்த பகுதியைத் திறந்து பார்த்தாள். நாற்பது ஐம்பது பாட்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிந்த திகதி. அதைப் பார்த்ததும் அவள் கை சுட்டியில் அப்படியே நின்றது.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே திகதி. இரண்டாயிரமாம் ஆண்டு தை முதலாம் நாள், ஜனவரி ஒன்று. நோன்புப் பாட்டும் அன்றுதான், தேர்தல் பாட்டும் அன்றுதான். இரண்டு பெருநாளும் ஒரே நாளில் வந்திருந்தன.

“புள்ள,” என்றாள் மெதுவாக. “இந்தப் பெட்டிக்கு நாள் தெரியாது.”

“என்ன?”

“அந்தப் பற்றரிதான் இதுக்கு நாள ஞாபகம் வச்சிக்குடுக்கிறது. அது செத்துக் கிடந்ததால ஒவ்வொரு நாளும் எழும்பக்குள்ள இதுக்கு இரண்டாயிரமாம் ஆண்டு தை ஒண்டு. நாங்க இத விசர் பிடிச்ச பெட்டி எண்டு ஏசினோம். ஆனா இதுக்குக் காலம் முடியவே இல்ல. நேத்துத்தான்,” அவளுக்குச் சிரிப்பு வந்தது, “நேத்து என்ட மனிசன் பற்றரி போட்டு நாளும் வச்சுத்தான் இதுக்கு இன்டைக்கு என்ன நாள் எண்டு தெரிஞ்சிரிக்கி!”

திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டை அவள் திறந்தாள். வருடத்தைப் பின்னால் தள்ளினாள். ஒரு அழுத்தலுக்கு ஒரு வருடம். பிள்ளைகள் பிறந்த வருடங்கள் போயின, கல்யாணம் போனது. இரண்டாயிரத்து நான்கில் நிறுத்தினாள்.

“மாசம்?” என்றாள். “மார்கழிக்கு முன்னால எதுவும் சரி.”

உசாந்தினி கதிரையோடு முன்னால் வந்திருந்தாள்.

“ஆவணி வையுங்கக்கா. கரவலைக் காலம். அப்பா கரையில நிக்கிற நேரம்.”

றுஸ்னா ஆவணி வைத்தாள். இருவரும் அந்தத் திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வீதியில் பேருந்து ஒன்று ஒலிப்பானை அடித்துக்கொண்டு கல்முனைப் பக்கம் போனது. இந்தப் பின்னறையில் மட்டும் கடல் இன்னும் பொங்கவில்லை. தங்கத்துரை கரையில் நின்றுகொண்டிருந்தார். மண்டபம் இருந்தது, கதவு இருந்தது.

மென்பொருள் ஒரு வார்த்தை பேசாமல் திறந்துகொண்டது.

*

பச்சை மேடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. றுஸ்னா தன்னை அறியாமல் திரையைத் தொட்டாள். எந்த வளைவும் மறக்கவில்லை. இது கீபோட், இது ரபான், இது காக்கா, இது கூட்டாகப் பாடினவர்கள். இரண்டாம் அடியில் காக்கா இருமிய இடம்கூட முள்ளாக நின்றது.

“இதென்னக்கா, அலை மாதிரி?” என்றாள் உசாந்தினி.

“நான் மலை எண்டுதான் செல்ற,” என்றாள் றுஸ்னா. அந்தத் தொழிலில் எல்லாரும் அலை என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அந்த மார்கழிக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

ஒரு தடத்தை மட்டும் தனியாகக் கேட்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. காக்காவின் தடத்தில் அதை அழுத்தினாள். கீபோட் போனது, ரபான் போனது. வெறும் வெளியில், மீசை முளைத்துக் கொஞ்ச நாளான முபாறக் தனியே நின்று பாடினார்.

“குரவ போட்டுக் கூட்டி வாறோம் மாப்பிள்ளைய...”

சந்தேகத்துக்கு இடமில்லை. கண்ணாடி போலக் கேட்டது. றுஸ்னா மறுபடி போட்டாள். குரவ. மறுபடியும். குரவ.

உசாந்தினி தலையை ஆட்டினாள். அழவில்லை. “சரிதானே அக்கா,” என்றாள். “பாடினவருக்குத் தெரியும்தானே. அம்மாக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். அவ அவட பாட்டுக்குப் பாடட்டும்.” எழும்பிச் செருப்பைத் தேடினாள்.

“இரி.”

றுஸ்னாவின் கண் கூட்டுக் குரல்களின் தடத்தில் நின்றிருந்தது. அங்கே முதல் அடியில் ஒரு மேடு திரையை முட்டிக்கொண்டு எழுந்திருந்தது. அடுத்த முறை கொஞ்சம் சிறிது. அதற்கடுத்து இன்னும் சிறிது. யாரோ பின்னால் பின்னால் போகிறார். அவள் கதவில் தட்டித் தள்ளி நிற்கச் சொன்ன ஆள்.

அந்தத் தடத்தின் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒரு காகம். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. யாரோ செருமினார்கள். இடிந்துபோன வீட்டின் முற்றம் முழுவதும் அறைக்குள் வந்து நின்றது. பிறகு பொடியன்களின் குரல்கள். அவற்றுக்குப் பின்னால், எல்லாருக்கும் பின்னால், தோணியிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிறவனின் குரல்:

“கரவல போட்டுக் கூட்டி வாறோம் மாப்பிள்ளைய!”

உசாந்தினியின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

பாட்டு நின்ற இடத்தில் பதிவு நிற்கவில்லை. வெளியே விட்ட பாட்டில் வெட்டி எறிந்த இடம் அது. காக்காவின் இளங்குரல் கேட்டது:

“அண்ணன், நான் குரவ எண்டு பாடுறன், நீங்க கரவல எண்டு பாடுறீங்க.”

“நான் தந்தது கரவல தானே தம்பி. நீதானே அதக் குரவ ஆக்கினாய்.”

“கல்யாணப் பாட்டில வல என்னத்துக்கு அண்ணன்?”

“பின்ன மாப்பிள்ள சும்மாவா வாறான்?” பொடியன்கள் சிரித்தார்கள். “சரி, நீ குரவையப் போடு தம்பி. நான் வலையப் போடுறன். ஆரு போட்டாலும் ஆள் கரைக்கு வந்தாச் சரி.”

அப்போது டொக், டொக் என்று இரண்டு தட்டு. கதவுக்கும் பழந்துணிக்கும் அப்பாலிருந்து மெல்லிய ஒரு பெண்பிள்ளைக் குரல்:

“காக்கா, அந்த ஆள இன்னும் தள்ளி நிக்கச் செல்லுங்க!”

“இன்னும் தள்ளினாக் கிணத்துக்குள்ளதான் நிக்கணும் தங்கச்சி!” என்று அந்தத் தோணிக் குரல் திருப்பிக் கூவியது.

றுஸ்னாவுக்கு அந்தப் பெண்பிள்ளை தான்தான் என்று விளங்க ஒரு கணம் எடுத்தது. அந்தப் பதில் தனக்குச் சொன்னது. சொன்ன நாளில் அவளுக்குக் கேட்கவில்லை, காற்றாடி உறுமிக்கொண்டிருந்தது. இருபது வருடம் கழித்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

“சுப்ஹானல்லாஹ்,” என்றாள்.

பிறகு இரண்டு தடத்தையும் சேர்த்துப் போட்டாள். காக்கா குரவை போட்டார், தங்கத்துரை வலை போட்டார். இரண்டு சொல்லும் ஒரே கணத்தில் புறப்பட்டு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. குரவையை நினைத்துக் கேட்டால் குரவை. வலையை நினைத்துக் கேட்டால் வலை. சாய்ந்தமருது மேசையில் சிரித்த மாமிக்கும் காது பிழைக்கவில்லை, பெரியநீலாவணையில் தனியே பாடிக்கொண்டிருந்தவளுக்கும் பிழைக்கவில்லை. ஊர் முழுக்க இத்தனை கல்யாணத்துக்கு ஆடியது இரண்டையும் சேர்த்துத்தான்.

முன்கதவு சத்தமிட்டது. மசூர் தொழுதுவிட்டு வந்திருந்தான். பின்னறை வாசலில் நின்று, நிலத்தில் கிடந்த செருப்பையும் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தான்.

“என்ன, பற்றரி வேல செய்யுதா?”

“செஞ்சிட்டு மச்சான்,” என்றாள் றுஸ்னா. “இனித் தயவுசெஞ்சு அதுல கைய வச்சிராதீங்க.”

உசாந்தினிக்கு வேறொன்று மிஞ்சியிருந்தது. “அக்கா, இது அப்பாதானா?” என்றாள். “எனக்கு அவர்ர குரல் தெரியாதே. நீங்க சொல்றதால நம்புறன். ஆனா எனக்குத் தெரியல்லயே அக்கா.”

“உன்ட உம்மாக்கு எடு.”

தாய் அன்னப்பிள்ளை கைபேசியை எடுத்ததும் பின்னால் கோழிச் சத்தம் கேட்டது. உசாந்தினி எதுவும் விளக்கவில்லை. “அம்மா, இதக் கேளுங்க,” என்று மட்டும் சொல்லி, கைபேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள். றுஸ்னா கூட்டுத் தடத்தை மட்டும் ஓட விட்டாள். காகம். கப்பி. பொடியன்கள். எல்லாருக்கும் பின்னால் அந்தக் குரல்.

அடி முடிந்தது. கைபேசியில் கோழி கேட்டது.

“அம்மா?”

“ஓம்,” என்றாள் அன்னப்பிள்ளை. பிறகு, “அவர் ஏன் மகள் இவ்வளவு தூரத்தில நிக்கிறார்?”

உசாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியவள் றுஸ்னாதான். திரையில் தடத்துக்குப் பக்கத்தில், சத்தத்தை ஏற்றி இறக்கும் சிறு பிடியொன்று இருந்தது. அடியை முதலிலிருந்து போட்டு, அந்தப் பிடியைச் சுட்டியால் பிடித்து, மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள். காகம் பெருத்தது. கப்பி பெருத்தது. தங்கத்துரை கிணற்றடியிலிருந்து முற்றத்துக்கு வந்தார், முற்றத்திலிருந்து மண்டபத்துக்கு வந்தார், கதவடிக்கு வந்தார்.

திரையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. றுஸ்னா கையை எடுத்துக்கொண்டாள். அது எரியட்டும் என்று விட்டாள்.